சிக்கிள் செல் அட்டையும் தண்ணியில்லாக் காடும்

ஊர் வந்து சேர்ந்தும் உடம்பு அலுப்பு இன்னும் விட்டபாடில்லை. ராத்திரி படுக்கும் முன் கைபேசியில் குறித்து வைத்ததைக் கொஞ்சம் நீட்டி, தேதி போட்டு எழுதியிருக்கிறேன். நான் கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். என்னிடம் படித்த பையன் ஒருவன், பணியர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவன், இப்போது 22 வயது, ஐடிஐயில் ஃபிட்டர் முடித்திருக்கிறான். பள்ளியில் படிக்கும்போதே பாம்பன் பாலம் பார்க்கணும், கடல் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். பிறவியிலேயே அவனுக்குச் சிக்கிள் செல் நோய், இரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவத்தில் விறைத்துப்போகும் பரம்பரை நோய். அவன், அவன் அம்மா, நான், மூவருமாக இராமநாதபுரம் கடற்கரைக்குப் போய் வந்தோம். எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் போடாதீங்க, வீட்டுல பொண்ணு பாக்குறாங்க" என்றான். அதனால் இதில் அவன் தம்பி, அவன் அம்மா அக்கா, அவ்வளவுதான்.

செப்டம்பர் 27, சனி: இரவுப் பேருந்து

கூடலூரிலிருந்து கோவைக்கு ஊட்டி ஏறித்தான் இறங்க வேண்டும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். அந்தக் குளிரும் அவனுக்கு ஆகாது, உயரத்தில் ஆக்சிஜன் குறைவதும் ஆகாது. ஸ்வெட்டர், மஃப்ளர், பிளாஸ்கில் வெந்நீர் என்று மூட்டை கட்டிக்கொண்டு போய் அந்தக் கட்டத்தை நல்லபடியாகத் தாண்டிவிட்டோம். சிக்கல் கோவையில்தான் வந்தது. இரவுப் பேருந்தில் ஏசி இல்லாத வண்டியாகப் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்திருந்தேன். வந்து நின்றது ஏசி வண்டி. "அந்த வண்டி ரிப்பேர் மேடம், அதே காசுக்கு ஏசி குடுக்குறோம், சந்தோஷமா ஏறுங்க" என்றார் உதவியாளர். எங்கள் படுக்கைக்கு மேலே காற்று வரும் துளையை மூடும் திருகு உடைந்திருந்தது. குறைக்கச் சொன்னால் மற்றவர்கள் சத்தம் போடுவார்கள் என்று ஓட்டுநர் கையை விரித்துவிட்டார்.

செய்தித்தாளைச் சுருட்டித் துளையில் அடைத்தோம். அது அரை மணிக்கு ஒருமுறை தலையில் விழுந்தது. எதிர்ப் படுக்கையில் இருந்த கல்லூரிப் பையன் என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு, தன் போர்வையை எடுத்துத் தம்பி மேல் போட்டான். போர்வையைக் கொடுத்துவிட்டு அந்தக் கல்லூரிப் பையன் விடியும் வரை தன் பையைக் கட்டிப்பிடித்துச் சுருண்டு கிடந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

குளிருக்கு ஏன் இத்தனை பயம் என்று அவனும் கேட்டான், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். தம்பியின் ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின். இந்த மாற்றத்தால், ஆக்சிஜனை இறக்கி வைத்ததும் அந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீள இழைகளாகிவிடுகிறது. உருண்டையாக, வளைந்து கொடுத்துப் போக வேண்டிய சிவப்பணு விறைத்து அரிவாள் வடிவத்துக்கு வந்துவிடுகிறது. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும்போது, உடம்பில் தண்ணீர் குறையும்போது, இந்த அணுக்கள் நுண்ணிய குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அடைப்புக்கு அந்தப் பக்கம் இரத்தம் போகாது. எலும்புக்குள் வலி தொடங்கும். அந்த வலியை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன், ஆறாம் வகுப்பில் அவன் பெஞ்சிலிருந்து தரையில் சரிந்து விழுந்த அன்று.

செப்டம்பர் 28, ஞாயிறு: இராமநாதபுரம், தேவிபட்டினம்

காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரில் டீ 15 ரூபாய், உளுந்த வடை 10. டீக்கடைக்காரர் அக்காவைப் பார்த்து "எந்த ஊரு தாயி?" என்று கேட்டார். நீலகிரி என்றதும், "அந்தக் குளிரை விட்டுட்டு இந்த அனல்ல வந்து என்ன செய்யப் போறீக" என்று அங்கலாய்த்தபடியே இன்னொரு டீயை ஆற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

விடுதியில் அறை கேட்டோம். பதிவேட்டைத் திறந்த பெரியவர் தம்பியின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கே, காமாலையா?" இந்தக் கேள்வி எங்களுக்குப் பழக்கம்தான். சாதாரணச் சிவப்பணு 120 நாள் இருக்கும். இவனுடையது 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். உடைந்துகொண்டே இருப்பதால் இரத்தம் எப்போதும் குறைவு, அந்தக் கழிவுதான் கண்ணில் மஞ்சளாகத் தெரிகிறது. கல்லீரல் காமாலை இல்லை, தொற்றும் இல்லை. இதையெல்லாம் அந்த மேசை முன் நின்றபடி சொன்னேன். "ஒட்டாதுல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். ஒட்டாது, அப்பா அம்மாவிடமிருந்து பிறக்கும்போதே வருவது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது என்றேன். அப்புறம்தான் சாவி வந்தது. கோபம் வந்தது உண்மை. ஆனால் மத்தியானம் அதே பெரியவர் ஒரு சொம்பு மோரைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். "கீழாநெல்லி அரைச்சுத் தரலாம்னு நெனச்சேன், நீங்க இது வேறன்னுட்டீக, மோர் குடிக்கலாம்ல?" குடிக்கலாம், தாராளமாகக் குடிக்கலாம்.

தண்ணீர் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அரசு ஊழியர்களை மிரட்டுவதற்கு "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்பார்களே, அது இந்த மாவட்டத்தைத்தான். விடுதிக் குழாயில் வந்த தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, அத்தனை உப்பு. தம்பி ஒரு நாளைக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும், இந்த வெயிலில் இன்னும் கூட. 20 லிட்டர் கேன் ஒன்றை 40 ரூபாய்க்கு வாங்கி அறையிலேயே வைத்துவிட்டோம். வெளியே போகும்போது ஆளுக்கு ஒரு பாட்டில், அவனுக்கு இரண்டு.

சாயங்காலம் தேவிபட்டினம். கடலுக்குள்ளேயே ஒன்பது கல், நவபாஷாணம் என்கிறார்கள், நடைபாதையில் போய்ச் சுற்றி வரலாம். தம்பி முதன்முதலாகக் கடலைப் பார்த்தது இங்கேதான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். "டீச்சர், அலையே இல்லையே?" அவன் குரலில் அவ்வளவு ஏமாற்றம். பாக் விரிகுடாப் பக்கம் இப்படித்தான், ஆழமும் குறைவு, அலையும் குறைவு. அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா இருக்கிறது, பொறு என்றேன். அக்கா மட்டும் குனிந்து கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, "நெசமாவே உப்பு" என்று சிரித்தார்.

செப்டம்பர் 29, திங்கள்: கீழக்கரை

கீழக்கரைக்குப் போகும் நகரப் பேருந்தில் நல்ல கூட்டம். தம்பிக்கு இடது இடுப்பு எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் சரியாகப் போகாமல் பழுதாகியிருக்கிறது, இந்த நோயில் பலருக்கும் வருவதுதான். ரொம்ப நேரம் நிற்க முடியாது. உட்கார இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒரு பெரியவர், "வயசுப் பிள்ளை உக்காந்திருக்கு, கெழவன் நிக்கிறேன், எந்திரிப்பு" என்றார். தம்பி எழுந்துவிட்டான். அவன் அப்படித்தான், விளக்கம் சொல்வதற்குப் பதில் எழுந்துவிடுவான். அக்காதான் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்து, "இவனுக்குக் கால் ஆகாதுங்க, நான் நிக்குறேன், நீங்க உக்காருங்க" என்று தன் இடத்தைக் கொடுத்தார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சிக்கிள் செல் நோயும் பட்டியலில் இருக்கிறது. ஹீமோபிலியா, தலசீமியாவும் அதில் உண்டு. ஆனால் பார்த்தால் தெரியாத குறைக்குப் பேருந்தில் யார் இடம் கொடுப்பார்கள்? ஊன்றுகோல் இருந்தால்தான் நம்புகிறார்கள்.

கீழக்கரையில் பழைய கல் பள்ளிவாசல், தூண்களைப் பார்த்தால் நம் கோயில் மண்டபத் தூண்கள் கண்ணுக்குள் வரும். கடைத்தெருவில் தொதல் வாங்கினோம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டி எடுக்கும் பண்டம், கறுப்பாகப் பளபளவென்று, கையில் எண்ணெய் ஒட்டும். கடைக்காரர் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொன்று கொடுத்து, "பிடிச்சா வாங்குங்க, இல்லாட்டி தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். பிடிக்காமல் போகுமா? 100 ரூபாய்க்கு வாங்கினது இராமநாதபுரம் திரும்பும் வரைகூடத் தாங்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு ஒரு சின்ன மெஸ்ஸில், மீன் குழம்போடு 130 ரூபாய். நண்டு வறுவல் தனி. அக்கா நண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வயல் வரப்பில் பிடித்துப் பழகியது உள்ளங்கையில் பாதிகூட வராது. இந்தக் கடல் நண்டின் காலை எப்படி உடைப்பது என்று மெஸ் அம்மாவிடம் அவர் கேட்கவே இல்லை. பல்லால் ஒரு கடி, விரலால் ஒரு திருகு, சதை முழுசாக வெளியே வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

தம்பி சாப்பிட்டு முடித்ததும் மாத்திரை டப்பாவைத் திறந்தான். ஃபோலிக் அமிலமும் ஹைட்ராக்சியூரியாவும். கருவில் இருக்கும் குழந்தையின் இரத்தத்தில் வேறு வகை ஹீமோகுளோபின் இருக்கும், பிறந்த பின் குறைந்துவிடும். ஹைட்ராக்சியூரியா அதை மறுபடி கூட்டுகிறது, அது கூடினால் அணுக்கள் விறைப்பது குறைகிறது. இது தொடங்கிய பிறகுதான் அவன் மாதாமாதம் ஆஸ்பத்திரியில் படுப்பது நின்றது.

செப்டம்பர் 30, செவ்வாய்: பாம்பன், இராமேஸ்வரம்

இன்றைக்கு அவன் நாள். சாலைப் பாலத்தில் பேருந்து மெதுவாகப் போனது, தம்பி சன்னல் கம்பியைப் பிடித்தபடி எனக்குப் பாடம் எடுத்தான். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழி விட இரண்டு பக்கமும் தூக்கிவந்தார்கள். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே கிடையாக 17 மீட்டர் மேலே ஏறும், எதிர்எடை இருப்பதால் மோட்டாருக்குச் சுமை குறைவு. "ஃபிட்டருக்கு இங்க வேலை இருக்குமா டீச்சர்?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. படித்து முடித்துப் போன வேலைகளில் எல்லாம் மாதம் இரண்டு நாள் விடுப்பு எடுத்ததற்கே நிறுத்திவிட்டார்கள்.

இராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தம் ஆட வேண்டும் என்பது அக்காவின் வேண்டுதல், மகனுக்காக. எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முங்கி, ஈரத் துணியோடே கோயிலுக்குள் போய், ஒவ்வொரு கிணறாக நடந்து, வாளி வாளியாகக் குளிர்ந்த தண்ணீரைத் தலையில் வாங்க வேண்டும். ஒரு ஆளுக்கு 25 ரூபாய் வாங்கினார்கள். அத்தனையும் முடியும் வரை ஈரத்திலேயே, கல்தரையில், காற்றடிக்கும் பிரகாரத்தில். சிக்கிள் செல் உள்ள ஒருவருக்கு எதையெல்லாம் செய்யக்கூடாது என்று சொல்லிக்கொடுப்பேனோ அத்தனையும் ஒரே வேண்டுதலில் இருந்தது. அக்காவிடம் இதைச் சொல்வது எளிதாக இல்லை, சாமி காரியம். கடைசியில் அவரே, "நான் அவனுக்கும் சேர்த்து ஆடுறேன், அவன் உலந்த துணியோட கூட வரட்டும்" என்றார். வாளி இறைத்து ஊற்றும் மனிதர் கிணற்று மேட்டில் நின்றபடி, ஏன் பையன் ஒதுங்கி நிற்கிறான் என்று கேட்டார். உடம்புக்குக் குளிர் ஆகாது என்றதும் வாளியின் அடியில் இருந்த கொஞ்சத்தை அவன் உள்ளங்கையில் ஊற்றி, "தலையில தொட்டு வச்சுக்கப்பு, போதும், ராமநாதசாமி கணக்குப் பாக்க மாட்டாரு" என்றார். அடுத்த கிணற்றில் இருந்தவரிடமும் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டார். அப்புறம் ஒவ்வொரு கிணற்றிலும் அதே மாதிரி ஒரு கை தண்ணீர்.

இராத்திரி பதினொரு மணிக்குத் தம்பி என் அறைக் கதவைத் தட்டினான். "டீச்சர், ஆரம்பிச்சிருச்சு."

அக்டோபர் 1, புதன்: மருத்துவமனை

எந்த மருத்துவமனை என்று எழுதவில்லை, தேவையில்லை. வேறு எங்கே போயிருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆட்டோக்காரர் அந்த நேரத்திலும் 100 ரூபாய்தான் வாங்கினார், மேடு பள்ளத்தில் வண்டியை அலுங்காமல் ஓட்டினார். உள்ளே முதலில் பார்த்தவர், தொடையும் முதுகும் வலிக்கிறது என்றதும் வெயிலில் நடந்த தசைப்பிடிப்பு என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்து உட்காரச் சொன்னார். தம்பி கத்தவில்லை, அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தான். சின்ன வயதிலிருந்து வலியோடு வளர்ந்த பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள், அதைப் பார்த்து வலி பெரிதில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அரை மணி ஆனது. முழங்கால் வீங்கத் தொடங்கியது. உதவியாளர் ஒருவர் நல்ல மனதோடு ஐஸ் பையைக் கொண்டு வந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துவிட்டார். "ஐஸ் வைக்காதீங்க ஐயா, சூடுதான் வைக்கணும்." எந்த வீக்கத்துக்கும் ஐஸ் என்று பழகிய இடத்தில், எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய் சொன்னதுதான் சரி. குளிர் பட்டால் குழாய் இன்னும் சுருங்கும், அடைப்பு கூடும்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் வேறு பதற்றம். ஹீமோகுளோபின் 7.8. உடனே இரத்தம் ஏற்ற வேண்டும், ஆள் இருக்கிறார்களா என்றார்கள். அப்போதுதான் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். கூடலூரில் அவனுக்குச் சிகிச்சை பார்க்கும் இடத்தில் எழுதிக் கொடுத்தது. இரத்த வகை, நோயின் பெயர், சாப்பிடும் மருந்தும் அளவும், எல்லாவற்றுக்கும் மேலாக, "வழக்கமான ஹீமோகுளோபின் 8" என்று ஒரு வரி. அவனுக்கு 7.8 என்பது சாதாரண நாள். தேவையில்லாமல் இரத்தம் ஏற்றினால் இரத்தம் கெட்டியாகி அடைப்பு மோசமாகலாம். அடுத்த முறை பொருந்தும் இரத்தம் கிடைப்பதும் சிரமமாகலாம்.

இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவர் அட்டையை வாங்கி இரண்டு முறை வாசித்தார். வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. "பாடத்துல படிச்சிருக்கேன், நேர்ல பாக்குறது இதான் முதல் தடவை" என்று மறைக்காமல் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கே அவரைக் கும்பிடத் தோன்றியது. அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கமும் எடுத்தார்கள். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது: வலிக்கு ஊசி, குளுக்கோஸ், விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி, காய்ச்சல் இருக்கிறதா என்று மணிக்கு ஒருமுறை. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் வந்தால் உடனே கூப்பிடச் சொன்னார். நுரையீரலில் அடைப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து. விடியும்போது தம்பி தூங்கிவிட்டான். அக்கா காலடியில் உட்கார்ந்து, சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அவன் முழங்காலில் ஒற்றிக்கொண்டே இருந்தார். "அந்தத் தண்ணி கையில பட்டதுனாலயா டீச்சர்?" என்று கேட்டார். இல்லை அக்கா. சில சமயம் காரணமே இல்லாமல் வரும். குளிர், வெயில், காய்ச்சல், அலைச்சல், மனக்கவலை, எதுவும் இழுத்துவிடும், ஒன்றுமே இல்லாமலும் வரும்.

எனக்கு இந்தப் பயணத்தில் சொல்ல வேண்டியது இதுதான். நீலகிரியில் பழங்குடி மக்களிடம் இந்த அணு இருப்பதை 1952இலேயே லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கண்டு எழுதினார்கள். கூடலூரில் அஷ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்களில் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தில் தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில் 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை செய்வதாக இலக்கு, 2047க்குள் ஒழிப்பதாக இன்னொரு இலக்கு. எல்லாம் நல்லது. ஆனால் விழிப்புணர்வு என்றால் மலைக்குப் போய் மலையில் இருப்பவர்களிடம் பேசுவது என்றே ஆகிவிட்டது. மலையில் பிறந்த பிள்ளைகள் மலையிலேயேவா இருக்கிறார்கள்? திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள், கோவையில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், ராமேஸ்வரத்துக்குச் சாமி கும்பிட வருகிறார்கள். வலி வரும் இராத்திரியில் அவர்கள் கதவைத் தட்டுவது அந்தந்த ஊர் மருத்துவமனையில்தான். அங்கே ஐஸ் பையோடு வருகிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். சென்னைக்கும் தெரிய வேண்டும், தொண்டிக்கும் தெரிய வேண்டும்.

அக்டோபர் 2, வியாழன்: வார்டு

வலி பாதியாகக் குறைந்தது. பக்கத்துக் கட்டிலில் பாம்பன்காரர் ஒருவர், காலில் மீன் முள் குத்திச் சீழ் வைத்திருந்தது. துணைக்கு இருந்த அவர் மனைவி கடல்பாசி எடுப்பவர். விரல் நுனிகளில் துணி சுற்றிச் சுற்றித் தழும்பேறிய கை, பாறையில் பாசி பிய்க்கும்போது கிழிவதாம். காலையில் அவருக்கு வந்த இட்லித் தூக்கில் பாதி எங்களுக்கு வந்துவிட்டது. வேண்டாம் என்றால் கேட்பதாக இல்லை. "பிள்ளை சாப்பிடாம கெடக்கு, நீங்க என்ன வேணாங்கிறீக."

அந்த அம்மா பாம்பன் தீவின் மலேரியாக் காய்ச்சல் பற்றிப் பேசினார், சின்ன வயதில் நடுங்கிக் கிடந்ததை. சிக்கிள் செல் ஏன் எங்கள் பக்கம் வந்தது என்று கேட்டபோது மலேரியாவிலிருந்தே தொடங்கினேன். அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ இந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் வந்தால் நோய் வராது, கடத்துபவராக மட்டும் இருப்பார்கள், கடும் மலேரியாவிலிருந்து அவர்களுக்குக் கொஞ்சம் காப்பும் உண்டு. ஆப்பிரிக்காவில் ஆலிசன் என்பவர் 1954இல் இதைக் காட்டினார். மலேரியா மிகுந்த காட்டில் பல தலைமுறை வாழ்ந்தவர்களிடம் அது தங்கியது அதனால்தான். இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் நோய். அப்பா, அம்மா இருவரும் கடத்துபவர்கள் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம், கடத்துபவராகும் வாய்ப்பு 50, ஒன்றுமில்லாமல் பிறக்க 25.

"அப்ப மொதப் பிள்ளைக்கு வந்துட்டா அடுத்த மூணுக்கு வராதா?" என்று கேட்டார். பலரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். இல்லை, ஒவ்வொரு தடவையும் கணக்கு புதுசு. அக்கா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, முதல் பெண்ணுக்கு ஒன்றுமில்லை, இவனுக்கு இப்படி ஆனதும் சொந்தக்காரர்கள் தன்னைத்தான் பேசினார்கள் என்றார். வயிற்றில் கோளாறு, ஏதோ தோஷம், என்னென்னவோ. பாதி புருஷனிடமிருந்து வந்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பாசி எடுக்கும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஊர்லயும் பொம்பளையத்தான் சொல்லுவாக" என்றார்.

"சரி, பையனுக்குக் கல்யாணம் பண்ணலாமா?" என்பது அடுத்த கேள்வி. தம்பி தூங்குவதாக நினைத்துத்தான் கேட்டார், அவன் கண்ணைத் திறந்துவிட்டான். பண்ணலாம். பெண்ணுக்கு ஒரே ஒரு இரத்தப் பரிசோதனை. அவளிடம் இந்த மரபணு இல்லை என்றால் பிறக்கும் பிள்ளைகள் கடத்துபவர்களாக இருப்பார்கள், ஒருவருக்கும் நோய் வராது. அவளும் கடத்துபவர் என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அப்போது மருத்துவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். பரிசோதனையை மறைத்துக் கட்டி வைப்பதுதான் தப்பு. தம்பி உடனே, "நான் பொண்ணு வீட்டுல முதல்லயே சொல்லிருவேன்" என்றான். அக்கா ஒன்றும் பேசவில்லை. இது அவர்கள் வீட்டில் இன்னும் முடியாத பேச்சு என்று தெரிந்தது.

மாலை விட்டார்கள். இளம் மருத்துவர் அட்டையைத் தன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். வலி வந்தவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று கூடலூரில் வைத்திருக்கும் தாளை அனுப்பச் சொன்னார், அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டுவாராம். அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி: தனுஷ்கோடி

வண்டியை விட்டு ரொம்ப இறங்காமல் பார்த்து வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆட்டோ போக வர 800 ரூபாய் கேட்டு 650க்கு வந்தார். சாலையின் இரண்டு பக்கமும் மணல், மணலுக்கு அப்பால் கடல். 1964 டிசம்பர் புயலில் மிச்சமான தேவாலயச் சுவரும் ரயில் நிலையச் சுவரும் இன்னும் நிற்கின்றன. அங்கே குடிசை போட்டு இருப்பவர்கள் சங்கு, சோழி விற்கிறார்கள், மீனை மசாலா தடவித் தகரத் தட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், நீங்கள் கை காட்டும் மீன் எண்ணெயில் விழும். பாறைத் துண்டு 120 ரூபாய். தம்பி 100க்குக் கேட்டான். கடைக்கார அம்மா அவன் கையில் ஊசி போட்ட பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியில இருந்தா வர்ற? எடுத்துக்க" என்று 80க்குக் கொடுத்தார்.

அரிச்சல்முனையில் ஒரு பக்கம் சாதுவான கடல், இன்னொரு பக்கம் கொந்தளிக்கும் கடல். பெண்கடல், ஆண்கடல் என்கிறார்கள் உள்ளூரில். தேவிபட்டினத்தில் கிடைக்காத அலை இங்கே மொத்தமாகக் கிடைத்தது. தம்பி தொப்பி போட்டுக்கொண்டு, ஆட்டோ நிழலில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரைக் குடித்துக் குடித்து அரை மணி பார்த்தான். கிட்டப் போகவில்லை என்பதில் அவனுக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. அலை கரையை அறுக்காமல் இருக்கக் கொட்டியிருந்த கற்களைப் பற்றித்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான், இது எத்தனை டன், எதில் கொண்டு வந்திருப்பார்கள் என்று.

அடுத்து தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் பார்க்க வேண்டுமாம். சனவரியில் போகலாம் என்று இருக்கிறோம், வெயில் குறைந்திருக்கும். அந்தப் பக்கம் சிக்கிள் செல் பார்த்துப் பழக்கமுள்ள மருத்துவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், அட்டையின் பின்பக்கம் அந்த எண்ணையும் எழுதி வைத்துவிடுகிறேன்.